நாட்டையே விருந்துக்கு அழைத்த அம்மையார்

கணவரை இழந்த ஒரு தாய், கடிதம் எழுதி எழுதியே ஒரு நாட்டுக்குத் திருநாள் வாங்கித் தந்தார். அவர்தான் சாரா ஹேல் அம்மையார்.

1863-ம் ஆண்டு, செப்டம்பர் மாதம் 28-ந் தேதி.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம். ஒரு மூதாட்டி கடிதம் எழுதினார். அவருக்கு வயது 74. அவர் உடுத்தியிருந்தது கருப்பு உடை. கணவர் இறந்த நாள் முதல், 41 ஆண்டுகளாக, அவர் கருப்பு உடைதான் அணிந்து வந்தார்.

அப்போது அமெரிக்கா இரண்டாகப் பிளந்து கிடந்தது. வடக்கே இருந்தவர்களும் தெற்கே இருந்தவர்களும் துப்பாக்கி ஏந்திச் சண்டை போட்டார்கள். அண்ணன் ஒரு படையிலும் தம்பி எதிர்ப் படையிலும் நின்ற குடும்பங்கள் உண்டு. அந்த ஆண்டு ஜூலை மாதம் கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் மூன்று நாள் நடந்த சண்டையில் ஆயிரக்கணக்கானவர்கள் மடிந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் அந்த மூதாட்டி ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனுக்குக் கடிதம் எழுதினார். அவர் பணம் கேட்கவில்லை. பதவி கேட்கவில்லை. நாட்டு மக்கள் எல்லோரும் ஒரே நாளில் கடவுளுக்கு நன்றி சொல்லி, குடும்பத்தோடு உட்கார்ந்து விருந்து சாப்பிட வேண்டும்; அதற்கு ஒரு நாளை ஜனாதிபதி குறித்துத் தர வேண்டும் என்று கேட்டார்.

போர் நடக்கும்போது விருந்தா என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். ஆனால் அந்த அம்மையாரின் வாழ்க்கையை அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

அண்ணன் கொடுத்த படிப்பு

சாரா ஹேல் 1788-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி பிறந்தார். ஊர் நியூபோர்ட். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் அது ஒரு சிற்றூர். தந்தை கார்டன் பியூவெல், அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்டவர். பிறகு விவசாயம் செய்தார்.

அந்தக் காலத்தில் பெண்களைக் கல்லூரியில் சேர்க்கமாட்டார்கள். சாராவுக்குத் தாயே வீட்டில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அண்ணன் ஹொரேஷியோ டார்ட்மவுத் கல்லூரியில் படித்தார். விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது, கல்லூரியில் படித்த பாடங்களைத் தங்கைக்கும் சொல்லிக் கொடுத்தார். அண்ணனின் புத்தகமே தங்கைக்கும் புத்தகம். இப்படி வீட்டில் இருந்தபடியே சாரா கல்லூரிப் படிப்பு படித்தார்.

18 வயதில் சாரா பள்ளிக்கூட ஆசிரியை ஆனார். 1813-ம் ஆண்டு டேவிட் ஹேல் என்ற இளம் வக்கீலை மணந்தார்.

அது இன்பமான இல்லறம். ஒவ்வொரு நாளும் இரவு 8 மணி முதல் 10 மணி வரை கணவனும் மனைவியும் சேர்ந்து படிப்பார்கள். ஒரு சமயம் சாராவுக்குக் கடுமையான நெஞ்சு நோய் வந்தது. பிழைப்பது அரிது என்று வைத்தியர்கள் கருதினார்கள். டேவிட் மனம் தளரவில்லை. மனைவியைக் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் பயணம் போனார். திராட்சைப் பழம் வாங்கி வாங்கிக் கொடுத்தார். சாரா தேறி வீடு திரும்பினார்.

மனைவியைப் பிழைக்க வைத்த கணவர் தாம் பிழைக்கவில்லை. 1822-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், நிமோனியா காய்ச்சலில் டேவிட் இறந்தார். அப்போது சாராவுக்கு நான்கு குழந்தைகள். ஐந்தாவது குழந்தை வயிற்றில். தந்தை இறந்த சில நாட்களில் அந்தக் குழந்தை பிறந்தது. வில்லியம் என்று பெயர் வைத்தார்கள்.

தொப்பிக் கடையும் கதைப் புத்தகமும்

கையில் காசு இல்லை. ஐந்து குழந்தைகள். சாராவுக்கு வயது 34 கூட நிரம்பவில்லை.

கணவரின் நண்பர்கள் உதவிக்கு வந்தார்கள். அவர்கள் துணையால் நாத்தனாருடன் சேர்ந்து பெண்களுக்கான தொப்பிக் கடை வைத்தார். கடை வேலை போக, மிஞ்சிய நேரத்தில் எழுதினார். முதலில் கவிதைகள் எழுதினார். பிறகு ஒரு நாவல் எழுதினார். அதன் பெயர் "நார்த்வுட்". 1827-ம் ஆண்டு வெளிவந்தது.

ஒரு விவசாயக் குடும்பத்தின் கதை அது. அந்தக் குடும்பத்துப் பையன் சிறு வயதிலேயே தெற்குச் சீமையில் உள்ள அத்தை வீட்டுக்குப் போய்விடுகிறான். அங்கேயே வளருகிறான். பல ஆண்டுகள் கழித்து வடக்கே, பெற்றோர் வீட்டுக்குத் திரும்பி வருகிறான். கூடவே ஓர் இங்கிலாந்து நண்பனும் வருகிறான். அப்போது அந்த வீட்டில் நன்றி நாள் விருந்து நடக்கிறது.

அந்த விருந்துக்கென்றே சாரா ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். ஏழைத் தாய் எழுதிய அந்த விருந்தைப் படித்தால், பசி இல்லாதவருக்கும் பசி எடுக்கும்.

மேஜை நிறைய விருந்து

மேஜை மேல் வெள்ளை வெளேர் என்று ஒரு விரிப்பு. வீட்டுக்கார அம்மாள் தாமே நூல் நூற்று, நெய்து, வெளுத்த துணி அது. வீட்டுப் பிள்ளைகளில் மிகச் சிறியவருக்கும் அந்த மேஜையில் இடம் உண்டு.

மேஜையின் தலைமாட்டில் வறுத்த வான்கோழி. அதன் வயிற்றுக்குள் மணமான மசாலைப் பூரணம். கால்மாட்டில் மாட்டு இறைச்சி, பன்றித் தொடை, ஆட்டு இறைச்சி. ஒரு வாத்து, இரண்டு வாத்துக் குஞ்சுகள். இடையிடையே குழம்புக் கிண்ணங்களும் காய்கறித் தட்டுகளும். நடுநாயகமாகக் கோழி இறைச்சிப் பணியாரம். நல்ல கறித் துண்டுகளுக்கு வெண்ணெயும் மிளகும் சேர்த்து, மேலே மாவு மூடி போட்டுச் சுட்டது. இது இல்லாவிட்டால் அந்தப் பக்கத்து மக்களுக்கு விருந்தே ஆகாது. பக்கத்தில் ஊறுகாய், வெண்ணெய், கோதுமை ரொட்டி.

இன்னொரு மேஜையில் இனிப்புகள் காத்திருக்கும். உலர்ந்த பழம் போட்ட புட்டிங், முட்டைப் பால் பலகாரம், கேக்குகள், பழங்கள். இனிப்புகளுக்கு எல்லாம் அரசன் பூசணிக்காய்ப் பணியாரம்.

இது எழுத்தாளரின் வெறும் கற்பனை அல்ல. சாரா பிறந்து வளர்ந்த சீமையில் வீட்டுக்கு வீடு நடந்த விருந்துதான். வசதிக்குத் தக்கபடி கூடக்குறைய இருக்கும்.

ஒரு வார வேலை

விருந்து ஒரு நாள். வேலையோ ஒரு வாரம்.

அந்தக் காலத்துச் சமையலறையில் இருந்தது ஒரு பெரிய கணப்பு. அதன் பக்கத்தில் செங்கல் அடுப்பு. எல்லாவற்றையும் ஒரே நாளில் சமைக்க முடியாது. ஆகவே எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்று வீட்டுக்கார அம்மாள் கணக்குப் போட வேண்டும். கெடாத பண்டங்கள் முதலில். சுடச்சுடச் சாப்பிட வேண்டியவை கடைசியில்.

பணியாரங்களைச் சில நாட்களுக்கு முன்பே சுட்டு அடுக்கிவிடுவார்கள். நவம்பர் மாதத்தில் அங்கே கடும் குளிர். கணப்பு இல்லாத அறையில் வைத்தால் போதும், பண்டம் கெடாது.

பூசணிக்காய்ப் பணியாரம் செய்வது எப்படி?

பூசணிக்காயைத் தோல் சீவித் துண்டு போட்டுக் குழைய வேக வைப்பார்கள். வெந்ததைச் சல்லடையில் தேய்த்து நார் இல்லாமல் எடுப்பார்கள். அதில் பால், முட்டை, சர்க்கரை சேர்ப்பார்கள். வாசனைக்கு இஞ்சித் தூள், ஜாதிக்காய். கோதுமை மாவை வெண்ணெய் போட்டுப் பிசைந்து, மெல்லியதாக விரித்து, குழிவான தட்டில் பரப்புவார்கள். அதன் மேல் பூசணிக் கூழை ஊற்றி அடுப்பில் வைப்பார்கள்.

செங்கல் அடுப்பைக் கையாளுவதற்குத் தனித் திறமை வேண்டும். உள்ளே விறகை எரித்துக் கல்லைச் சூடேற்ற வேண்டும். பிறகு தணலை வாரி வெளியே எடுத்துவிட வேண்டும். கல்லில் நிற்கும் சூட்டிலேயே பண்டம் வேகும். கையை உள்ளே நீட்டிப் பார்த்துத்தான் சூட்டை அறிவார்கள். சூடு மிஞ்சினால் மேலே கருகும். குறைந்தால் உள்ளே வேகாது.

வான்கோழியின் முறை விருந்து நாளில் வரும். பழைய ரொட்டியை உதிர்த்து, வெண்ணெய், மிளகு, வாசனைத் தழைகள் சேர்த்துப் பிசைந்து அதன் வயிற்றில் அடைப்பார்கள். வாயைத் தைத்துவிடுவார்கள். நீண்ட இரும்புக் கம்பியில் குத்திக் கணப்பு நெருப்பின் முன் வைப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் வேகாதபடி கம்பியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பல வீடுகளில் இது பிள்ளைகளின் வேலை. வடியும் நெய்யைக் கரண்டியால் எடுத்து மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் இறைச்சி காயாமல் பொன்னிறமாகும். பெரிய பறவை என்றால் பல மணி நேரம் பிடிக்கும்.

தொட்டுக்கொள்ள, கிரான்பெரி என்ற சிவப்பு நிறப் புளிப்புப் பழத்தைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சுவார்கள்.

காலையில் தேவாலயத்துக்குப் போய் வழிபாடு. திரும்பி வந்ததும் விருந்து. வெளியூர் போன மகனும், மணமாகிப் போன மகளும் அன்றைக்கு எப்படியும் பிறந்த வீடு வந்து சேர்வார்கள். ஏழை வீடுகளுக்கும் பண்டங்களை அனுப்புவார்கள். சாராவின் மனதில் பதிந்த விருந்து இதுதான். வான்கோழியை விட, மேஜையைச் சுற்றி உட்கார்ந்த முகங்களே அவருக்குப் பெரிது.

சிதறிய குடும்பம்

"நார்த்வுட்" நாவல் சாராவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. பாஸ்டன் நகரில் பெண்களுக்கென்று ஒரு பத்திரிகை தொடங்க இருந்தார்கள். அதற்கு ஆசிரியராக வரும்படி அழைப்பு வந்தது. ஒரு பெண் பத்திரிகை ஆசிரியராவது அந்தக் காலத்தில் அபூர்வம்.

ஆனால் ஐந்து பிள்ளைகளையும் நகரத்துக்குக் கூட்டிப்போக வசதி இல்லை. மூத்தவர்களை உறவினர் வீடுகளில் விட்டார். கடைக்குட்டி வில்லியத்தை மட்டும் அழைத்துக்கொண்டு, 1828-ம் ஆண்டு பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஒரு மேஜையைச் சுற்றிக் குடும்பமே கூடும் காட்சியைக் கதையில் எழுதிய தாய், தம் பிள்ளைகளை ஒரே மேஜையில் உட்கார வைக்க முடியவில்லை.

அங்கே உழைத்தார். 1830-ம் ஆண்டு குழந்தைப் பாட்டுகள் கொண்ட ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். மேரியின் ஆட்டுக்குட்டி பற்றிய பாட்டு அதில்தான் இருக்கிறது. ஆங்கிலப் பள்ளிகளில் இன்றும் உலகமெங்கும் குழந்தைகள் பாடும் பாட்டு அது. எழுதியவர் யார் என்பது மட்டும் பலருக்குத் தெரியாது.

1837-ம் ஆண்டு, லூயி கோடி என்ற பத்திரிகை அதிபர் சாராவின் பத்திரிகையை வாங்கித் தம் பத்திரிகையுடன் இணைத்தார். சாராவையே ஆசிரியராக வைத்துக்கொண்டார். வில்லியம் ஹார்வர்டில் படித்து முடித்ததும், 1841-ம் ஆண்டு சாரா பிலடெல்பியாவில் குடியேறினார்.

வண்ணப் படங்கள், உடை மாதிரிகள், கதைகள், சமையல் குறிப்புகள் எல்லாம் அந்தப் பத்திரிகையில் வரும். 1860-ம் ஆண்டு வாக்கில் அது சுமார் 1 லட்சத்து 50 ஆயிரம் பிரதிகள் விற்றது. அந்நாளில் அது மிகப் பெரிய எண்ணிக்கை. சாரா சமையல் புத்தகங்களும் எழுதினார். அவற்றில் ஒன்று 1839-ம் ஆண்டு வெளிவந்தது. குறைந்த செலவில் உடம்புக்கு ஏற்ற உணவு சமைப்பது எப்படி என்று இல்லத்தரசிகளுக்கு அது சொல்லிக் கொடுத்தது.

பெண்களும் கல்லூரியில் படிக்க வேண்டும், ஆசிரியை ஆக வேண்டும், வைத்தியம் செய்ய வேண்டும் என்று அவர் ஓயாமல் எழுதினார். ஆனால் பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்பதை மட்டும் அவர் ஏற்கவில்லை. பெண்ணின் பலம் வீட்டில் இருக்கிறது என்றே கடைசி வரை நம்பினார்.

17 ஆண்டு முயற்சி

நன்றி நாள் பழைய வழக்கம்தான். 1621-ம் ஆண்டு, இங்கிலாந்திலிருந்து வந்து பிளிமத் என்ற இடத்தில் குடியேறியவர்கள் அறுவடை விருந்து நடத்தினார்கள். அந்த மண்ணின் பழங்குடிகளான வாம்பனோக் மக்கள் சுமார் 90 பேர் மூன்று நாள் அவர்களோடு உண்டார்கள். பின்னாளில் அந்தப் பழங்குடிகள் நிலத்தை இழந்தார்கள். ஆகவே 1970-ம் ஆண்டு முதல், பழங்குடி மக்கள் பலர் பிளிமத்தில் கூடி அந்த நாளைத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள்.

ஜார்ஜ் வாஷிங்டன் ஜனாதிபதியாக இருந்தபோது, 1789-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதியை நன்றி நாளாக அறிவித்தார். ஆனால் அது ஆண்டுதோறும் தொடரவில்லை. வடகிழக்கு மாநிலங்களில் மட்டும் வழக்கம் வேரூன்றியது. அங்கும் மாநிலத்துக்கு ஒரு தேதி. கவர்னர் குறித்ததே நாள்.

நாடு முழுவதற்கும் ஒரே நாள் வேண்டும் என்று சாரா விரும்பினார். நவம்பர் மாதத்தின் கடைசி வியாழக்கிழமையை அவர் தேர்ந்தெடுத்தார். அதற்குள் அறுவடை முடிந்துவிடும். வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்ப வசதியாக இருக்கும்.

1846-ம் ஆண்டு முதல் தம் பத்திரிகையில் இதை வற்புறுத்தி எழுதினார். நன்றி நாள் கதைகளும், வான்கோழி, பூசணிப் பணியாரம் செய்முறைகளும் வெளியிட்டார். அந்த விருந்தைப் பார்த்தே அறியாத ஊர்ப் பெண்களும் பத்திரிகையைப் படித்துச் செய்து பார்த்தார்கள்.

இன்னொரு பக்கம் கடிதங்கள். கவர்னர்களுக்கு எழுதினார். ஜனாதிபதிகளுக்கு எழுதினார். டெய்லர், பில்மோர், பியர்ஸ், புக்கானன் என்று நான்கு ஜனாதிபதிகள் வந்து போனார்கள். கோரிக்கை நிறைவேறவில்லை. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு கூடுதலான கவர்னர்கள் இணங்கி வந்தார்கள். தெற்கே சிலர் மட்டும் முறைத்தார்கள். இது வடக்கத்தியார் பண்டிகை, அடிமை முறையை எதிர்க்கும் பாதிரிமார்களின் வேலை என்று சந்தேகப்பட்டார்கள்.

எல்லோரும் ஒரே நாளில் விருந்து உண்டால் நாட்டின் ஒற்றுமை வளரும், பிளவு வராது என்று சாரா நம்பினார். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. 1861-ம் ஆண்டு போர் வெடித்தது. சாராவின் சொந்தக் குடும்பமே இரு பக்கமும் சிதறியிருந்தது. அவர் இருந்தது வடக்கே. அவர் கையைப் பிடித்துக்கொண்டு பாஸ்டன் வந்த கடைக்குட்டி வில்லியம், தெற்கே டெக்சாஸ் மாநிலத்துக்குப் போய் வக்கீல் தொழில் செய்தவர்.

லிங்கன் இணங்கினார்

சாரா எழுதிய ஐந்தாவது ஜனாதிபதி லிங்கன். அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் போர் வெற்றிக்காக ஒரு நன்றி நாளை லிங்கன் ஏற்கனவே அறிவித்திருந்தார். சாரா கேட்டது வேறு. வெற்றி வந்தாலும் வராவிட்டாலும், ஆண்டுதோறும் நிலைத்து நிற்கும் நாள் வேண்டும் என்பது அவர் விருப்பம்.

ஒரு வாரத்துக்குள் பலன் கிடைத்தது. 1863-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி, லிங்கன் அறிவிப்பு வெளியிட்டார். அதன் வாசகத்தை எழுதியவர் மந்திரி சீவார்டு. போருக்கு நடுவிலும் வயல்கள் விளைந்ததை அறிவிப்பு நினைவூட்டியது. போரினால் விதவையானவர்கள், அனாதையானவர்கள், துயரப்படுபவர்கள் எல்லோருக்காகவும் வேண்டிக்கொள்ளும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது.

நவம்பர் 26-ந் தேதி, வியாழக்கிழமை, நன்றி நாள் வந்தது. எத்தனையோ வீடுகளில் அன்று ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அந்த நாற்காலியின் வேதனை சாராவுக்குப் புதிதல்ல.

மறு ஆண்டும் லிங்கன் அறிவித்தார். 1864-ம் ஆண்டு நியூயார்க் நகர மக்கள் வான்கோழி, ஆப்பிள், பலகாரங்களைச் சேகரித்து வர்ஜீனியா போர்முனையில் இருந்த வீரர்களுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வர முடியாத மகனைத் தேடி வீட்டு விருந்து போனது.

1865-ம் ஆண்டு போர் முடிந்தது. பின் வந்த ஜனாதிபதிகளும் ஆண்டுதோறும் நன்றி நாள் அறிவித்தார்கள். பிளந்த நாடு மெல்ல மெல்ல ஒரே நாளில் உண்ணப் பழகியது.

கடைசி நாட்கள்

சாரா 1877-ம் ஆண்டு வரை பத்திரிகை ஆசிரியராக இருந்தார். ஓய்வு பெற்றபோது வயது 89. அதே ஆண்டுதான் எடிசன் பேசும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். முதல் முதலாக அதில் அவர் சொல்லிப் பதிவு செய்தது சாராவின் ஆட்டுக்குட்டிப் பாட்டுத்தான்.

1879-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி, தமது 90-வது வயதில் சாரா காலமானார். பிலடெல்பியாவில் லாரல் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் விரும்பிய ஒரு காரியம் பாக்கி இருந்தது. ஜனாதிபதியின் அறிவிப்பு மட்டும் போதாது, சட்டமே வேண்டும் என்று அவர் கேட்டு வந்தார். அந்தச் சட்டம் 1941-ம் ஆண்டு வந்தது. நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை என்று நாள் உறுதியாயிற்று.

இன்று அந்த நாள் வந்தால் அமெரிக்காவில் ரயிலும் விமானமும் நிரம்பி வழிகின்றன. எங்கோ இருக்கும் பிள்ளைகள் வீடு தேடி வருகிறார்கள். அடுப்பில் வான்கோழி வேகிறது. மேஜையில் பூசணிக்காய்ப் பணியாரம் காத்திருக்கிறது. சாராவின் பெயரை அங்கே பலர் அறியமாட்டார்கள். ஆனால் சிறியவர் முதல் பெரியவர் வரை எல்லோருக்கும் மேஜையில் இடம் போடுகிறார்கள். அந்த ஏழைத் தாய் கேட்டதும் அதைத்தான்.